சூரன் பக்கம் நின்ற வாமதேவன்

வாமதேவனுக்குக் கவ்போய்ப் படம் என்றால் உயிர். லண்டன் சட்டனில் அவர் வீட்டு ரீவியில் ஞாயிறு மத்தியானம் குதிரை ஓடாத வாரமில்லை. ஆனால் இரண்டு பேர் தெருவில் எதிரும் புதிருமாக நின்று இடுப்பில் கை வைத்தால் போதும், மனிதர் தேத்தண்ணி போட எழும்பிவிடுவார். மனைவி சுசிலா ஏனென்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள்.

அவரும் ஒருகாலத்தில் அப்படி நின்றவர்தான். ஈழத்தில் ஆயுத இயக்கத்தில் இருந்தபோது, ஒரு சந்தியில், வேறு இயக்கத்துப் பொடியன் ஒருவனுக்கு நேரெதிரே. இருவரும் துவக்கை எடுத்தார்கள், இவர் முந்திக்கொண்டார். பிறகு ஜெர்மனி, லண்டன், வான் ஓட்டம், பிள்ளைகள். ஊருக்கெல்லாம் நல்ல மனிதர். ஆனால் சந்தியில் சுட்ட அந்த இளைஞனை, அதாவது தன்னையே, அவர் மன்னிக்கவேயில்லை.

கோயிலில் சூரன்போர் வந்தால் முருகனைத் தூக்கத்தான் தோள் கொடுப்பார். வேலுக்கு இரையாகப்போகும் சூரன் இருக்கும் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார். இந்த வருடம் பார்த்து, சூரன் சிலையைத் தூக்க முன்தண்டு பிடிக்கும் பிரியந்தனுக்கு நாரி பிடித்து இடுப்பு நிமிரவில்லை.

“அண்ணை, உங்கட உயரத்துக்கு வேற ஆளில்லை,” என்றான் பிரியந்தன்.

“எனக்கு ஏலாது தம்பி.”

“சாமி காரியம் அண்ணை. மாட்டன் எண்டு சொல்லாதேங்கோ.”

வசமாக அகப்பட்டுக்கொண்டார்.

கோயில் கார்ப்பார்க்கில் மழை தூறியது. தவில் அதிர, “ஆட்டு, ஆட்டு!” என்று சனம் கத்த, சூரன் தோள்களின் மேல் துள்ளினான். சிங்கத் தலையைக் கழற்றி அவனுடைய சொந்தத் தலையைப் பூட்டினார்கள். அப்போதுதான் அது நடந்தது. தார் நிலம் மணலாகியது. கார்கள் இல்லை, சனம் இல்லை, தவில் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வெயில். வேலோடு ஐயர் வரவேண்டிய இடத்தில் சாரம் கட்டிய ஒரு பொடியன் வந்துகொண்டிருந்தான். மீசைகூடச் சரியாக முளைக்காத, வாமதேவனின் அதே முகம்.

இத்தனை வருடமும் அவனை ஈவிரக்கமற்றவன் என்றே நினைத்திருந்தார். இவனோ உதடு காய்ந்து, அழுகிற நிலையில் இருந்தான். செத்தவன் கடைசியாகக் கண்டது இந்தப் பயத்தைத்தானா? சுட்ட இடத்திலிருந்து இது தெரியவில்லையே. வாமதேவனுக்கு நெஞ்சு உருகிப்போனது.

“பயப்பிடாதை தம்பி,” என்று வாய்விட்டுச் சொன்னார். “வா.”

வேல் பட்டது. அரோகரா என்று சனம் கத்தியது. தண்டைத் தோளிலிருந்து இறக்காமலே, செத்தவனுக்கும் கொன்றவனுக்குமாகச் சேர்த்து வாமதேவன் அழுதார்.