நாறுகிற சிப்பி

படகுத்துறையில் எல்லோருக்கும் அவர் மெக்கானிக்தான். இன்ஜின் உறுமுவதை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவார். வடித்தெடுத்த கறுத்த ஆயிலை மட்டும் துறையின் மூலையிலிருந்த பாறைகளுக்கிடையே கவிழ்த்துவிடுவார். இருபத்திரண்டு வருடப் பழக்கம்.

அதே பாறைகளில்தான் அவருடைய அக்கா சிப்பி பெயர்த்து விற்றுவந்தாள். நான்கு வருடத்துக்கு முன் ஒருநாள், வாங்கியவர்கள் சிப்பியைத் திருப்பிக் கொண்டுவந்து கொட்டினார்கள்.

"மண்ணெண்ணெய் வாடை அடிக்குதாம்டா."

"கப்பல்காரனுங்க பண்ற வேலைதான்க்கா" என்றார் தம்பி. அவள் நம்பினாள். வீடுகளில் தரை துடைக்கப் போனாள்.

சென்ற வருடம் கடல் ஆய்வகத்திலிருந்து ஓர் அம்மா வந்து, நாறுகிற சிப்பிதான் வேண்டும் என்றார். அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஒரு கூடை பெயர்த்துக் கொடுத்தாள்.

இரண்டு மாதம் கழித்து இருவரையும் ஆய்வகத்துக்குக் கூப்பிட்டார்கள். மேஜைமேல் இரண்டு குடுவைகளில் கடல்நீர். ஒன்றில் ஆயில் கறுப்பாக மிதந்தது. மற்றதில் அது பொடிப்பொடியாகச் சிதறி, பாதிக்குமேல் காணாமல் போயிருந்தது.

"உங்க சிப்பிக்குள்ள இருந்த பாக்டீரியா பண்ணின வேலை. எண்ணெயைத் தின்னே பொழைக்கப் பழகியிருக்கு. அங்க ரொம்ப வருஷமா எண்ணெய் விழுந்திருக்கணும். எவ்வளவு வருஷம்னு தெரியுமா?"

"கப்பல்காரனுங்க கொட்டறதும்மா. தம்பியைக் கேளுங்க, அவனுக்குத் தெரியும்" என்றாள் அக்கா.

மெக்கானிக் கறையேறிய நகங்களை மடக்கிக்கொண்டார்.

"இருபத்திரண்டு வருஷம். நான்தான் கொட்டினேன்."

அந்த அம்மா திட்டியிருந்தால் தேவலை. "வாரத்துக்கு எத்தனை லிட்டர்?" என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது சொன்னாள்: "கொட்டினவன் விளங்கவே கூடாதுன்னு மூணு வருஷமா சபிச்சிட்டு இருந்தேன்டா. நீன்னு தெரியாம."



பிறகு அந்த மூலையை மிதவை கட்டி அடைத்து, ஆய்வகத்தில் வளர்த்த பாக்டீரியாவை விட்டார்கள். ஏழு மாதத்தில் நீர்மேல் படலம் மெலிந்துவிட்டது. சிப்பி தின்னும்படி ஆக இன்னும் பல வருடம் பிடிக்குமாம். இப்போது எல்லாப் படகுகளின் பழைய ஆயிலையும் மெக்கானிக்கே பீப்பாயில் சேர்த்துக் கழிவுக் கிடங்குக்குக் கொண்டுபோகிறார். "ஆயில் சாமியார் வர்றாரு" என்று கிண்டல் செய்கிறார்கள். அவர் தலையைக் குனிந்துகொள்வார்.

அக்கா பேசாமலில்லை. ஆனால் அவள் வாளியோடு வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் அவர் அந்தத் தெருப்பக்கமே போவதில்லை.