பின்சீட்டில் ஒரு குரல்

பட்டறையில் எல்லாரும் அவரைச் சித்தப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். உண்மையில் அவர் அங்கே யாருக்கும் சித்தப்பா இல்லை. டயர் மாற்றுகிறவன் ஆரம்பித்துவைத்தான், முதலாளிவரைக்கும் தொற்றிக்கொண்டது.

கார்களின் வீல் அலைன்மென்ட் பார்ப்பது, அதாவது சக்கரங்கள் கோணாமல் நேராக ஓடும்படி சரிசெய்வது, அவர் வேலை. காரை மேடையில் ஏற்றி நாலு சக்கரத்திலும் கவ்விகளை மாட்டுவார். திரையில் எண்கள் சிவப்பாக எரியும். அடியில் இருக்கும் குழிக்குள் இறங்கி, சக்கரத்தை ஸ்டியரிங்கோடு பிணைக்கும் கம்பியின் நட்டைத் தளர்த்தி, கம்பியை இம்மி இம்மியாகத் திருகுவார். சிவப்பு பச்சையானதும் நட்டை இறுக்கிவிட்டு, ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கக் கிளம்புவார்.

எப்போதும் தனியாகத்தான் போவார். கிடங்குகளுக்குப் பின்னால் மேடுபள்ளம் இல்லாத ஒரு நேர்ச் சாலை. அங்கே ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கணம் கையை எடுப்பார். வண்டி எந்தப் பக்கமும் இழுக்காமல் போனால் வேலை முடிந்தது. சொந்தமாக அவருக்கு சைக்கிள்கூடக் கிடையாது. ஊரில் பாதிப் பேரின் காரை ஓட்டியிருக்கிறார். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு குடும்பத்தின் வாசனை இருக்கும். சீட்டுக்கடியில் ஒற்றைச் செருப்பு கிடக்கும், பாதி கடித்த பிஸ்கட் கிடக்கும். எதையும் தொடமாட்டார்.

வீட்டில் சத்தம் போடுவது அவரும் பழைய ஃப்ரிட்ஜும்தான். ஃப்ரிட்ஜ்தான் அதிகம். மனைவி மகளின் பிரசவத்துக்கென்று வேறு ஊருக்குப் போனவள். மூணு மாசம் என்றுதான் பேச்சு. மகள் வேலைக்குத் திரும்பினாள், பேத்தி தவழ்ந்தாள், நடந்தாள், இப்போது பள்ளிக்கூடமும் போகிறாள். சண்டை எதுவும் இல்லை. சண்டை என்று ஒன்று இருந்திருந்தால் சமாதானம் பேசவாவது யாராவது வந்திருப்பார்கள்.

தினமும் சாயங்காலம் போன் வரும்.

"சாப்டீங்களா?"

"இனிமேதான்."

"மாத்திரை?"

"போட்டாச்சு."

அதற்குள் பேத்தி அங்கே எதற்காவது கூப்பிடுவாள். பேச்சு அதோடு நின்றுவிடும்.

ஒரு நாள் மதியம் அப்பா, அம்மா, ஒரு சின்னப் பெண் என்று ஒரு குடும்பம் காரோடு வந்தது. கார் இடதுபக்கம் இழுக்கிறது என்றார்கள். குழிக்குள் வேலையை முடித்து, ஓட்டிப் பார்ப்பது மட்டும் பாக்கியிருக்க, ஏசி ஓடட்டும் என்று இன்ஜினை அணைக்காமல் வாசலில் நிறுத்திவிட்டு, சித்தப்பா கை கழுவப் போனார். அந்த இடைவெளியில் குழந்தையின் அப்பா, எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்து, காத்திருந்த அறையில் தூங்கிப்போயிருந்த மகளைத் தூக்கிவந்து பின்சீட்டில் படுக்கவைத்தார். மனைவி பார்த்துக்கொள்வாள் என்று பில் போட உள்ளே போனார். கணவன் கூடவே இருப்பார் என்று அவள் கழிவறைக்குப் போயிருந்தாள்.

பின் கண்ணாடிகளில் கறுப்பு ஒட்டியிருந்தது. கை துடைத்துக்கொண்டு வந்த சித்தப்பா எதையும் கவனிக்காமல் காரை எடுத்துக்கொண்டு போனார்.

நேர்ச் சாலையில் கையை எடுத்தார்.

"ஏன் கைய விட்டுட்டீங்க?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓரம்கட்டித் திரும்பிப் பார்த்தார். கன்னத்தில் சீட்டின் தையல் பதிந்த ஒரு குட்டிப் பெண் எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க யாரு? எங்கப்பா எங்க?"

"நான் வண்டி சரிபண்றவன்மா. அப்பா கடையிலதான் இருக்காரு. இதோ, இப்பப் போயிடலாம்."

இறங்கிப்போய் அவளுக்கு பெல்ட்டை மாட்டிவிட்டார். அழுதுவிடுவாளோ என்று பயந்தார். அவள் அழுகிற மாதிரி தெரியவில்லை.

"ஏன் கைய விட்டீங்கன்னு சொல்லவே இல்ல?"

"வண்டி தானா நேரா போகுதான்னு பாத்தேன்."

"போச்சா?"

"ஜோரா போச்சு."

"உங்க வீட்ல பாப்பா இருக்கா?"

"பேத்தி இருக்கா. உன் வயசுதான். வேற ஊர்ல இருக்கா."

"அப்ப உங்க வீட்ல யாரு இருக்கா?"

"நான் இருக்கேன்."

"உங்ககூட?"

திருப்பம் வந்தது. அவர் ஹாரனை அழுத்தினார். எதிரே ஒரு ஈ காக்கை இல்லை.

பட்டறை வாசலில் கூட்டம் கூடியிருந்தது. அம்மாக்காரி செருப்புகூட இல்லாமல் நடுரோட்டில் நின்றிருந்தாள். கார் நிற்பதற்குள் அப்பாக்காரர் கதவைத் திறந்து சித்தப்பாவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"எங்கய்யா கொண்டுபோன என் புள்ளைய?"

முதலாளி நடுவில் புகுந்து கையை விலக்கப் பார்த்தார். அதற்குள் மகளை வாரி அணைத்துக்கொண்ட அம்மா, கணவனைப் பார்த்து, "நீங்க கூட இருக்கீங்கன்னுல்ல நான் போனேன்" என்றாள். பிடி தளர்ந்தது.

"மன்னிச்சுக்கங்க" என்று அப்பாக்காரர் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"நான் பின்னாடி பாத்திருக்கணும் சார். உங்க நிலைமையில நானும் சட்டையப் பிடிச்சிருப்பேன்" என்றார் சித்தப்பா.

அன்று சாயங்காலம் போன் வந்தது. சாப்பாடும் மாத்திரையும் ஆனபிறகு அவர், "நீ எப்ப வர்றே?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் கேட்டதில்லை.

"ஏங்க, உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு. பேச ஆள் இல்ல."

அந்தப் பக்கம் பேத்தி கூப்பிட்டாள். மனைவி போனை வைக்கவில்லை.

"நான் வந்துட்டா இவள யாரு பாத்துக்குவா? நீங்க இங்க வந்துடுங்களேன்."

"அங்க வந்து ஹால்ல உக்காந்துக்கிட்டு என்ன பண்ணுவேன்?"

"என்கூட உக்காந்திருப்பீங்க."

அடுத்த மாதம் லீவு போட்டுவிட்டுப் போனார். பேத்தி முதலில் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள், பிறகு "போன் தாத்தா" என்று பேர் வைத்தாள். மதியங்களில் வீடு ஓய்ந்துகிடக்கும். கணவனும் மனைவியும் ஹாலில் உட்கார்ந்திருப்பார்கள். வாழ்க்கை பூராவும் பேச வேண்டியது பாக்கி இருந்தும், உட்கார்ந்தபிறகு எங்கே ஆரம்பிப்பது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே கண்ணயர்ந்துவிடுவாள். அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, அவள் மூச்சுவிடுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

அங்கே ஒரு பட்டறையில் வேலை கேட்டுப் பார்த்தார். இந்த வயசுக்குமேல் எடுப்பதில்லை என்றார்கள். லீவு முடிந்தது. மனைவி பஸ் ஸ்டாண்டுவரைக்கும் வந்தாள். ஜன்னலோர சீட்டாகப் பார்த்து உட்காரச் சொன்னாள், தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தாள்.

"அடுத்த தடவை கூட ரெண்டு நாள் இருக்கற மாதிரி வாங்க."

"பாக்கலாம்."

பஸ் நகர்ந்ததும் அவள் விறுவிறுவென்று நடந்தாள். பேத்திக்குப் பள்ளிக்கூடம் விடுகிற நேரமாகியிருந்தது. கூட்டத்தில் மறைகிறவரைக்கும் அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.