எட்டு முழத்துக்கு ஒரு கால்

நாற்பது கால் பூச்சி போலிருக்கும் அந்த எலக்ட்ரானிக் சிப்பின் முதுகில் சின்னக் கண்ணாடி ஜன்னல் ஒன்று உண்டு. உள்ளே எழுதிய புரோகிராமை அழிக்க அந்த ஜன்னலில் தனியான புற ஊதா விளக்கொளி படவேண்டும். என்னிடம் விளக்கு இல்லை. ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில், அம்மா காயப்போட்ட வடகத்துக்குப் பக்கத்தில் ஒரு தட்டில் வைத்துவிடுவேன். ஒரு வார வெயிலில் அது எல்லாவற்றையும் மறந்துவிடும். சாயங்காலங்களில் அதனருகே படுத்துக்கொண்டு, அதற்குள் ஓர் ஊரே அடங்கியிருப்பதாக நினைத்துக்கொள்வேன்.

எண்பதுகளின் கடைசி அது. டிப்ளமோ முடித்த கையோடு, விசைத்தறிகளுக்கு மணிப்பெட்டி செய்யும் சிறு பட்டறையொன்றில் சேர்ந்திருந்தேன். ஒரு வேட்டி நீளம் நெய்ததும் பெட்டி மணியடிக்கும். தறி ஓட்டுகிறவர் நிறுத்தி, குறுக்கே ஓடும் நாடாக்கட்டையைக் கலர் நூல் நாடாவாக மாற்றி, வேட்டி முடிகிற இடத்தில் முந்தி போடுவார். நாலு முழ வேட்டிக்கு ஒரு புரோகிராம், எட்டு முழத்துக்கு வேறொன்று. பெட்டிகளில் மாட்டும்போது சிப்புகள் அடிக்கடி மாறிப்போகும். மாடியில் படுத்திருந்த ஒரு நாள், சிப்பில் வேலையே இல்லாமல் சும்மா நிற்கும் ஒரு கால் நினைவுக்கு வந்தது. அதை அப்படியே விட்டால் நாலு முழம், எர்த்தில் கட்டினால் எட்டு முழம். புரோகிராம் ஒன்றே போதும். அன்றைக்கு வானம் முழுக்க அந்த ஒரு கால்தான் தெரிந்தது.

தறிகளில் போய்ப் பெட்டி மாட்டும் எங்கள் பட்டறை அண்ணன், மோட்டார்களுக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டிப் பழகியவர். சும்மா நின்ற காலைத் தொட்டுக் காட்டி, "எட்டு முழம்னா இதை எர்த் பண்ணிடுங்கண்ணா" என்றேன்.

"அவ்வளவுதானுங்களா அம்மிணி? ஆச்சுன்னு வெச்சுக்கோங்க."

மூன்றாம் நாள் பள்ளிபாளையத்துத் தறிக்கூடத்திலிருந்து ஆள் வந்தது. போய்ப் பார்த்தால், எட்டு முழ வேட்டிகளில் பாதிக்கு நட்டநடுவே முந்தி. தறி ஓட்டும் அக்கா தலையெல்லாம் பஞ்சோடு நின்றிருந்தார்.

"தூங்கிட்டே ஓட்டியிருக்கறே. நாளையிலிருந்து தறிய உட்டு எறங்கி நூல் சுத்தப் போ" என்றார் தறிக்கூட முதலாளி.

"மணியடிச்சா முந்தி போடச் சொன்னீங்க, போட்டனுங்க. கோயில் மணியா, கும்பிட்டுட்டு சும்மா நிக்கறதுக்கு?"

"மிஷினு பொய் சொல்லுமா?"

பெட்டியைத் திறந்தேன். அந்தக் காலிலிருந்து பச்சை ஒயர் ஒன்று வெளியே இறங்கி, தறியின் இரும்புச் சட்டத்தில் போல்ட்டுக்கு அடியில் முறுக்கியிருந்தது. கரியும் உப்பும் கொட்டிய குழிக்குப் போகிற எர்த்! காயில் கட்டுகிறவருக்கு எர்த் என்றால் அதுதான். நான் சொன்னது பெட்டிக்குள்ளேயே ஓடும் பூஜ்யக் கம்பியை. இரண்டுக்கும் தொடர்பே கிடையாது. பக்கத்துத் தறிகள் ஓட ஓட, அந்தக் கால் எதையும் பற்றிக்கொள்ளாமல் மிதந்து, ஒரு நேரம் எட்டு, ஒரு நேரம் நாலு என்றது.

உண்மையைச் சொன்னால் முதலாளி பெட்டியைக் கழற்றி எடுத்துப் போ என்பார். என் ஒற்றைக் கால் யோசனையும் அதோடு போகும். சொல்லாவிட்டால் அக்காவின் தறி போகும்.

"அவங்க மேல தப்பில்லைங்க. எந்த எர்த்துன்னு நான் சரியாச் சொல்லலை."

ஒயரை வெட்டி, பெட்டிக்குள் சர்க்யூட் பலகையிலேயே அந்தக் காலையும் பூஜ்யக் கம்பியையும் சேர்த்து அரை அங்குலக் கம்பி பற்றவைத்தேன். தறி ஓடியது. மணியடித்ததும் அக்கா நிறுத்தினார். ஆனால் முந்தி போடவில்லை. சுருட்டிய துணியை அவிழ்த்து, முழங்கையை ஊன்றி அளந்தார். எட்டு.

"எட்டுக்கு மேல ஒரு விரக்கடை இருக்குதுங்க" என்று மிச்சத்தில் ஒரு விரலை வைத்துக் காட்டினார்.

"உன்ற கை குட்டை" என்றார் முதலாளி.

"அப்ப பெட்டிக்குள்ள யாரு கைங்க அம்மிணி இருக்குது?" என்று அக்கா என் பக்கம் திரும்பினார்.

என் கையை நீட்டிப் பார்த்தேன். "சரி சரி, தறிய ஓட்டு. நாளைக்கும் நீயே வா" என்றார் முதலாளி. அக்கா அதற்குள் நாடாவை மாற்றியிருந்தார்.