ஞாயிற்றுக்கிழமை எடுத்த கணக்கு

செல்லத்தாய்க்கு முப்பத்து மூன்று வயது. திருத்தங்கல் பக்கம், வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றும் கம்பெனியில் பன்னிரண்டு வருஷமாக வேலை. நகராட்சிக்குத் திடீரென்று பிள்ளைகள் மேல் பாசம் பொங்கி, தெருத்தெருவாக விளையாட இடம் இருக்கிறதா என்று கணக்கெடுக்கக் கிளம்பியபோது, மகளிர் குழுவில் நாலு எழுத்துத் தெரிந்தவள் என்று இவளைப் பிடித்துக்கொண்டார்கள். கணக்கு முடிந்ததும் பூங்கா வரும் என்றார்கள். அன்றிலிருந்து இவள் மகள் பிரீத்திகாவுக்கு ஊஞ்சல் பேச்சுத்தான்.

பட்டாசு வேலைக்குப் போகிற சனங்களை வீட்டில் பிடிக்க ஞாயிற்றுக்கிழமையை விட்டால் ஆகாது. அவளும் ஞாயிறு காலையில் படிவத்தோடு இறங்கினாள். தெருக்கோடியில் கம்பெனியின் களம். ஆறு நாளும் குழாய் காயும், ஞாயிறு லீவில் காலியாகக் கிடக்கும். அங்கே நாற்பது பிள்ளைகள் பந்தை விரட்டிக்கொண்டிருந்தார்கள். 'விளையாட இடம் உண்டா?' என்ற கேள்விக்கு 'உண்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இடத்தைக் காட்டினால்தானே அங்கே ஊஞ்சலைக் கொண்டுவந்து நடுவார்கள் என்று நினைத்தாள், பாவி.

பூங்கா, ஏற்கெனவே இரண்டு மைதானம் உள்ள காலனிக்குப் போனது. அங்கே கணக்கெடுத்தவருக்கு விவரம் தெரிந்திருக்கிறது; 'இல்லை' என்று எழுதிவிட்டார். ஆடியில் சீசன் ஆர்டர் குவிய, ஞாயிறு லீவும் போயிற்று. களம் முழுக்கக் குழாய். வாட்ச்மேன் விரட்ட, பிள்ளைகள் லோடு வேன் ஓடும் ரோட்டில் விளையாடினார்கள். வேன் இடித்து பிரீத்திகாவின் இடது கால் முறிந்தது.

செல்லத்தாய் நகராட்சிக்குப் போனாள். அலுவலர் இராமகிருஷ்ணன் படிவத்தை எடுத்து நீட்டினார்.

"இது நீங்க எழுதுனதுதானம்மா?"

"ஆமா சார். ஞாயித்துக்கெளம பாத்தேன், எழுதிட்டேன். நீங்க ஒருக்கா வந்து பாத்திருக்கக் கூடாதா? இப்ப அங்கன கால் வைக்க எடமில்ல."

"உண்டுன்னு எழுதுன எடத்த எதுக்கும்மா பாக்கணும்? அடுத்த கணக்கு அஞ்சு வருசம் கழிச்சு. அப்பவாவது சரியா எழுதுங்க."

பார்ப்பது பின்னே யார் வேலையாம்? படிவத்தை மேஜைமேல் வைத்துவிட்டு வீடு திரும்பினாள்.

கட்டுப்போட்ட காலை நீட்டிப் படுத்திருந்த மகள் கேட்டாள்: "ஊஞ்சல் எப்பம்மா வரும்?"

"அஞ்சு வருசம் ஆகுமாம்."

பிரீத்திகா விரல்விட்டு எண்ணினாள். ஒன்பதும் ஐந்தும் பதினாலு.

"அப்ப நான் பெரிய பிள்ளையாயிருவேனேம்மா. வெளிய வெளையாட விடுவியா?"

விடமாட்டாள். அது செல்லத்தாய்க்கே தெரியும்.