மழையில் வெளுத்த கறுப்புக் கார்

விரல் நுனியில் பெயின்டைக் கரைக்கும் தின்னர் வாசனை போகவே இல்லை. பனகல் பூங்காவைத் தாண்டி வெங்கட்நாராயணா சாலையில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் துணிப்பை, கக்கத்தில் பட்டுப்புடவை வைக்கும் அட்டைப்பெட்டி. பெட்டிக்குள் புடவை இல்லை. கசக்கிய பேப்பருக்கு நடுவில், பெயின்ட் அடிக்காத ஒரு சின்னக் கார் இருந்தது. ஐப்பசி மாதம், வானம் காலையிலிருந்தே தலைக்கு மேல் இறங்கி நின்றது. சற்று முன்புதான் தியாகராய நகரில் நான் வேலை பார்த்த துணிக்கடையை விட்டு வெளியே வந்திருந்தேன். அப்போது எனக்குப் பதினாறு வயது. பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்டவன். வேலைகளை விடுவது அதைவிடச் சுலபமாக இருந்தது.

கடையின் மேல்மாடியில் பையன்கள் படுக்கும் அறையும் பாலியஸ்டர் மூட்டைகள் அடுக்கும் அறையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. எங்களை மேய்த்த அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அன்று காலை மூட்டை எடுக்க மேலே வந்தவர், மூக்கைச் சுளித்துக்கொண்டு நேராக என் பெட்டியடிக்கு வந்துவிட்டார்.

"ஏலே, துணி மூட்டைக்குப் பக்கத்துல தின்னர் டப்பாவ வச்சிருக்கியே, கடையக் கொளுத்திப் போடவால வந்த? காரா, கடையா, இப்பமே சொல்லு."

"கார், அண்ணாச்சி" என்றேன்.

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "வெளங்கிரும். சரி, இட்லியத் தின்னுட்டுப் போ, வெறும் வயித்தோட போவாத" என்றார். அவர் சொன்னதில் ஒரு தவறும் இல்லை. தின்று முடித்துக் கிளம்பினேன்.

அந்தக் கார்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரங்கநாதன் தெருவின் நடைபாதையில், தலைகீழாக விரித்த குடைக்குள் குவித்து, கையில் எடுத்தால் கனக்கிற உலோகப் பொம்மைக் கார்களை விற்பார்கள். எங்களுக்கு அவை 'வெயிட்டு காரு'. காரைத் திருப்பினால் அடித்தட்டில் புடைத்துக்கொண்டு ஒரு ரிவெட் ஆணி இருக்கும். அதை நாங்கள் 'தொப்புள்' என்போம். துளை போடும் ஊசியைக் கையாலேயே திருகித் திருகித் தொப்புளைக் குடைந்தால்தான் வண்டி திறக்கும். பிறகு பழைய பெயின்டை உரித்து, மெக்கானிக் ஷெட்டில் நசுக்கல் அடைத்து மிச்சமாகும் 'பட்டி'யை அப்பி, எமரித்தாளால் தேய்த்து, ஒரு வண்டியை வேறொரு வண்டியாக்குவோம். துணிக்கடைக்கு நான் வேலைக்குப் போனதே எனக்கு ஒரு வரமாக இருந்தது. புதுச் சட்டையின் காலருக்குள் செருகியிருக்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கை வெட்டினால் காரின் முன்கண்ணாடி. மடிப்பில் குத்தியிருக்கும் குண்டூசி ரேடியோவின் ஏரியல். புடவையிலிருந்து உதிர்ந்த வெள்ளி ஜரிகை இழையை ஒட்டினால் பானெட்டின் விளிம்பில் ஓடும் பளபளப்பு. வாடிக்கையாளர் சட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு வேண்டாமென்று போனால் மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள், எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டமாக இருக்கும்.

'நாங்கள்' என்றது என்னையும் சேகரையும். சேகர் திருவான்மியூர் குப்பத்துப் பையன், ஆறாம் வகுப்பில் என் பெஞ்சுக்காரன். எங்களுக்குள் அவன் வைத்த சட்டம் ஒன்று உண்டு. "ரோட்ல நம்ப கண்ணால பாக்காத வண்டிய தொடக்கூடாது மச்சி." பார்த்ததற்குச் சாட்சியாக அந்த வண்டியின் காயமும் பொம்மையில் இருக்க வேண்டும். கதவை வலைக்கயிற்றால் கட்டியிருந்த மீன் டெம்போ, அடையாறு சிக்னலில் ஒரு பக்கக் கண்ணாடியில்லாமல் நின்ற கால் டாக்சி என்று எல்லாவற்றையும் அடிபட்டபடியே செய்தோம். வழவழவென்று புது வண்டி செய்வது எங்களுக்குக் கேவலம்.

அன்று பெட்டியில் இருந்தது, ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு வீட்டு வாசலில் எப்போதும் நிற்கும் கறுப்பு அம்பாசடர். ஏதோ ஒரு வெளிநாட்டுப் பொம்மைக் காரின் மேல் பட்டியை அப்பி அப்பி அந்த உருண்டை முதுகைக் கொண்டுவந்திருந்தேன். பின்கதவில் நசுக்கல், இடது விளக்கைச் சுற்றிச் செப்புக் கம்பி. பெயின்ட் மட்டும்தான் பாக்கி.

அதற்கு அன்று சாயங்காலம்வரைதான் அவகாசம். சில நாட்களுக்கு முன் ஆழ்வார்பேட்டையில் ஒரு வீட்டுக்குத் திரைத்துணி கொடுக்கப் போனபோது, எதிரே ஒரு கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் முழு அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று மேசைமேல் நிற்பதைப் பார்த்தேன். பால்கனிகள், படிகள், ஸ்பாஞ்சில் மரங்கள். வீடு கட்டி விற்பவர்கள் வாங்குகிறவர்களிடம் காட்டுவதற்காகச் செய்யும் மாதிரி அது. நான் கதவில் ஒட்டிக்கொண்டு நின்றிருக்க, முடியெல்லாம் பிளாஸ்டிக் தூளோடு ஒரு பெண் வந்து கதவைத் திறந்தார். பட்டறை அவருடையது, பெயர் மாலதி.

"உள்ளயே வந்து பாருப்பா. கண்ணாடி பூரா மூக்கு அடையாளமா இருக்கு."

மாதிரிக் கட்டடத்தின் கீழே நிறுத்தியிருந்த குட்டிக் கார்களைக் காட்டி, இவற்றைச் செய்வது யார் என்று கேட்டேன். கடையில் வாங்குவதுதான், ஒன்றும் நன்றாக இல்லை என்றார். நான் கார் செய்வேன் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எனக்கு ஆள் வேணும். வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள்ள நீ செஞ்சது ஒண்ணைக் கொண்டுவந்து காட்டு. பிடிச்சா வேலை. மேல ஒரு ரூம் இருக்கு, தங்கிக்கலாம்."

வியாழக்கிழமை அன்றுதான். வேலையோடு படுக்கும் இடமும் போய்விட்டிருந்தது. அம்மா அடையாறில் ஒரு வீட்டில் தங்கிச் சமைத்தாள். அந்த வீட்டுக் கூடத்தில் அவளுக்கே ஒரு பாய் அகலம்தான். அப்பா எங்கே என்று எங்களுக்குத் தெரியாது. ஆக, பெட்டிக்குள் இருந்த கார் நன்றாக வந்தால் இரவில் தலைக்கு மேல் ஒரு கூரை, வராவிட்டால் பஸ் நிலையம். இதை நான் பெரிய துயரமாக நினைத்ததாக ஞாபகம் இல்லை. கறுப்பு எப்படி மின்னப் போகிறது என்றுதான் நந்தனம், கோட்டூர்புரம் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன்.

திருவான்மியூர் குப்பத்தில் சேகர், முன்பே பேசிவைத்தபடி தன் மாமாவின் பைக் ஷெட்டிலிருந்து கறுப்பு ஸ்ப்ரே டப்பா ஒன்றைக் கொண்டுவந்து காத்திருந்தான். அவன் அம்மா ஸ்டெல்லா அக்கா வாசலில் உட்கார்ந்து மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"இன்னாடா, வேலைய வுட்டுட்டியா?"

"ஆமாக்கா."

"அப்ப சோத்துக்கு இன்னா பண்ணுவ? இந்தக் காரத் துன்னுவியா?" சொல்லிவிட்டு டப்பாவைப் பார்த்தார். "இன்னிக்கா பெயின்ட் அடிக்கப் போறீங்கோ? போட்ட கருவாடே காயாம கீது, பெயின்ட் காயுமாடா?"

"யம்மா, கருவாடு வேற, காரு வேற" என்றான் சேகர்.

வேறில்லை. டப்பாவைக் குலுக்கினேன், உள்ளே கோலி உருண்டது. ஒரு குச்சியின் நுனியில் காரைச் செருகிப் பிடித்துக்கொண்டு, மேலும் கீழும் கையை ஓட்டினேன். கறுப்பு எண்ணெய் போல வழுக்கிக்கொண்டு படர்ந்தது. நசுக்கலின் பள்ளத்தில் வெளிச்சம் தேங்கியது. அவ்வளவு அழகாக அதற்கு முன் நான் எதையும் செய்ததில்லை. பிறகு, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கூரை விளிம்பிலிருந்து ஒரு வெள்ளை மூட்டம் கிளம்பிக் கதவு, பானெட் என்று இறங்கியது. காற்றில் இருக்கும் ஈரம் காயாத பெயின்டில் மாட்டிக்கொண்டால் அப்படித்தான் வெளுக்கும். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், மழை நாளில், திறந்த வெளியில் ஸ்ப்ரே அடிப்பதென்பது அதை வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது. சேகர் சீக்கிரம் காயட்டும் என்று அட்டையால் விசிறினான். இன்னும் வெளுத்தது.

"மச்சி, சாம்பல் பூசுனா மாரி ஆயிட்ச்சு."

"தெரியுது."

"உரிச்சுட்டு மறுபடி அடிப்போமா?"

நேரம் இல்லை, டப்பாவில் பெயின்டும் இல்லை. அடுப்பில் காட்டிச் சூடேற்றலாம் என்று அவன் உள்ளே கிளம்பினான். "அடுப்பாண்ட அத்த எட்த்துகினு வந்த, கால ஒட்ச்சிருவேன்!" என்று ஸ்டெல்லா அக்கா கூடையோடு எழுந்தார். பிறகு அவர் ஒரு தட்டில் சோறும் மீன் குழம்பும் போட்டு என் கையில் கொடுத்தார். "துன்னுட்டுப் போய்க் காமி. வேணான்னா இங்க வா, படுத்துக்கலாம். அந்த டப்பாவ மட்டும் எட்த்தாராத."

பஸ்ஸில் ஏறினால் யாராவது இடித்துப் பெயின்டில் கை வைத்துவிடுவார்கள் என்று திரும்பவும் நடந்தேன். அடையாறு பாலத்தைத் தாண்டும்போது தூறல் பிடித்தது. ராஜா அண்ணாமலைபுரத்தில் அந்த நிஜ அம்பாசடர் வழக்கம்போல வாசலில் நின்றது. மழையில் குளித்து, என்றைக்கும் இல்லாமல் கன்னங்கரேலென்று பளபளத்தது. பெட்டியைத் திறந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மாலதி மேடம் காரை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். விளக்கைச் சுற்றிய கம்பியை நகத்தால் தொட்டார், திருப்பிச் சக்கரத்தை உருட்டினார். பிறகு மேசைமேல் இருந்த கட்டடத்தின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். கார் முதல் மாடி பால்கனியை முட்டிக்கொண்டு நின்றது.

"உன் காரு வந்தா முதல்ல வீட்டை இடிக்கணும்" என்றார். பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது. அவர் மறுபடி காரைக் கையில் எடுத்தார். "ஆனா இந்தப் பனி! ராத்திரி பூரா வெளியில நின்ன வண்டி மேல விடியக்காலையில இருக்குமே, அச்சு அசல் அதே மாதிரி. எப்படிக் கொண்டுவந்தே? இதே மாதிரி எனக்கு இன்னொண்ணு செஞ்சு தருவியா?"

ஆமாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் இன்னொன்று கேட்கிறாரே, அதை எங்கிருந்து கொண்டுவருவது?

"அதுக்கு இதே மழை வேணும் மேடம்" என்றேன். "கறுப்பாத்தான் அடிச்சேன். வெளுத்துப்போச்சு."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்த சிரிப்பு இப்போதும் காதில் இருக்கிறது. சிரிப்பு அடங்கியதும், "போன வருஷம் எனக்கு ஒரு மாடலோட மொட்டை மாடி முழுசா இப்படித்தான் போச்சு" என்றார். "அதுக்கப்புறம் ஏசி ரூமுக்கு வெளியில ஸ்ப்ரே டப்பாவைத் தொடறதில்ல. சாப்பிட்டியா? மேல பாய் இருக்கு. காலையில கீழ வா."

அதற்குப் பிறகு நான் பல ஊர், பல வேலை பார்த்துவிட்டேன். எதிலும் வேர் விட்டதில்லை. ரங்கநாதன் தெருக் குடையில் வெயிட்டு காரு இப்போது இல்லை, பிளாஸ்டிக்தான். கண்ணாடிக் கதவுப் பட்டறை இருந்த இடத்தில் காபிக் கடை. வீடு விற்பவர்கள் திரையிலேயே வீட்டைச் சுற்றிக் காட்டிவிடுகிறார்கள். ஸ்டெல்லா அக்கா கருவாடு காயவைத்த இடத்தில் வண்டிகள் நிற்கின்றன. ஆனாலும் அடையாறில் ஞாயிற்றுக்கிழமைகளில் பையன்களும் பெண்பிள்ளைகளும் பெயின்ட் தெளிக்கும் காற்றுத்துப்பாக்கியும் முகமூடியுமாக உட்கார்ந்து குட்டிக் கார்களுக்கு நிறம் அடிப்பதைப் பார்க்கிறேன். ஒரு பெண் தன் ஜீப்பின் மட்கார்டில் பழுப்பு நிறத்தால் துருவைத் தொட்டுத் தொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். அடிபட்ட வண்டி செய்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்று மனசு நிறைந்தது. சேகர் இப்போதும் எங்காவது நசுங்கிய வண்டியைப் பார்த்தால் படமெடுத்து அனுப்புகிறான்.

அந்த மழை நாளுக்கு மறுநாள் காலை, பட்டறை மாடியிலிருந்து கீழே இறங்கினேன். மழை விட்டிருந்தது. மாலதி மேடம் ஒரு பிளேடும் வெள்ளை பிளாஸ்டிக் பட்டையும் கொடுத்து, மாதிரிக் கட்டடத்தில் வண்டி நிறுத்தும் கீழ்த்தளத்துக்குக் கார்கள் வெட்டச் சொன்னார். சுண்டுவிரல் நகத்தளவு. சக்கரம் கிடையாது, நசுக்கல் கூடாது. "வீடு வாங்க வர்றவங்க தங்களோட காரை அடிபட்டதா பார்க்க விரும்ப மாட்டாங்க" என்றார். உட்கார்ந்து வெட்டினேன். முதல் சில கார்கள் சோப்புத் துண்டு போல வந்தன. பிறகு கை பழகிக் கூரையும் முகமும் தெரிய ஆரம்பித்தன. மதியம் அவற்றைக் கோடு போட்ட கட்டங்களில் ஒவ்வொன்றாக ஒட்டினேன். அவர் வந்து குனிந்து பார்த்தார்.

"என்னப்பா இது, எல்லா வண்டியும் கேட்டைப் பார்த்து நிக்குது? எல்லாரும் கிளம்பிட்டாங்களா?"

"அப்படி நிறுத்தினாத்தானே மேடம் எடுக்கச் சுலபம்."

அவர் ஒரு காரைத் திருப்பி வைக்க விரல் நீட்டினார். என்ன நினைத்தாரோ, விட்டுவிட்டார். "சரி, இருக்கட்டும். அடுத்த வரிசையை வெட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் பிளேடை எடுத்து அடுத்த பட்டையை வெட்ட ஆரம்பித்தேன்.