ஒரே நாளில் ரங்கூன் காட்டியவன்

ஒரு ஊரை ஒரே நாளில் சுற்றிக் காட்டும் தொழிலுக்குக் கால் வலுவைவிட நாக்கு வலுதான் முக்கியம். காலையில் விமானத்தில் வந்து இறங்கி, மாலையில் பாங்காக்குக்கோ சிங்கப்பூருக்கோ பறந்துவிடும் தமிழ்ப் பயணிகளுக்கு யாங்கோனைக் காட்டுவது என் வேலையாக இருந்தது. நாங்கள் இன்னும் ரங்கூன் என்றுதான் சொல்கிறோம். ஊரிலிருந்து வந்த சொந்தக்காரரை ஒரே நாளில் நாலு கோயில், ஒரு கடற்கரை, ஒரு ஜவுளிக்கடை என்று நீங்களும் இழுத்துக்கொண்டு அலைந்திருப்பீர்கள். “இது என்ன கட்டடம்?” என்று அவர் கேட்டதும் வாய்க்கு வந்ததைச் சொல்லியும் இருப்பீர்கள். அந்தப் பாவத்தில் நாம் கூட்டாளிகள்.

என்னை வேலைக்குச் சேர்த்த அன்றே முதலாளி ஊ டின் ஒரே ஒரு விதிதான் சொன்னார்: “வழிகாட்டி வாயிலிருந்து ‘தெரியாது’ மட்டும் வரக்கூடாது.”

என்ன கிழமை?

ஷ்வேடகோன் பகோடாவில் ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு மூலை உண்டு. பிறந்த கிழமை மூலைக்குப் போய், அங்கே இருக்கும் புத்தர் சிலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். கிழமைக்கொரு மிருகமும் உண்டு. பர்மாக்காரனைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தன் கிழமையைச் சொல்வான். நம் ஆட்கள் ராசி, நட்சத்திரம், பாதம் வரை சொல்வார்கள். கிழமை என்றால் விழிப்பார்கள்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு மில் அதிபர் மனைவியோடு வந்திருந்தார். “சர்ட்டிபிகேட்ல இருக்கறது பள்ளிக்கூடத்துல வாத்தியார் போட்ட தேதிங்க. நெசமா என்னிக்குப் பொறந்தேன்னு எங்கம்மாவுக்குத்தான் தெரியும். அவங்க இப்ப இல்லீங்க” என்றார். வியாழக்கிழமை என்று சொல்லலாம். ஆனால் வியாழனுக்கு எலி. காசு கொடுத்து வந்த மனிதரை எலி என்று சொல்ல மனம் வரவில்லை. திங்கட்கிழமை மூலையில் கூட்டமும் இல்லை. “உங்க நடையைப் பார்த்தாலே தெரியுதுங்க, திங்கட்கிழமை. புலி” என்றேன். மனிதர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஐந்து குவளை தண்ணீர் ஊற்றினார். செருப்பை எடுக்கப் போகும்போது அவர் மனைவி என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்: “புலியாமா? எங்க வூட்டுக்கு வந்து பார்த்துட்டு அப்புறம் சொல்லுங்க தம்பி.”

சாப்பாட்டுக்குள் ஐம்பது வருஷம்

ஆற்றோரச் சாலையில் வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடங்கள் வரிசையாக நிற்கும். எது எப்போது கட்டியது என்று படித்து வைத்துக்கொள்ள எனக்குப் பொறுமை கிடையாது. காலை வேளையில் எல்லாவற்றுக்கும் நூறு வருஷம் என்பேன். அது சலித்துவிட்டால் நூற்றைம்பது.

திருச்சியிலிருந்து வந்த ஓய்வுபெற்ற பொதுப்பணித்துறை இன்ஜினியர் ஒருவர் எல்லாவற்றையும் சின்ன நோட்டில் குறித்துக்கொண்டே வந்தார். சாப்பிட்டுவிட்டு அதே வழியாகத் திரும்பினோம். நானும் அதே கட்டடத்தைக் காட்டினேன். அவர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பிறகு கேட்டார்: “காலையில நூறுன்னீங்க, இப்ப நூத்தம்பதுங்கிறீங்க. நாம சாப்பிட அவ்வளவு நேரமாவா ஆச்சு?”

ஃபிளாரன்ஸ் போய் வந்த டீச்சர்

கும்பகோணத்து டீச்சர் ஒருவர் எங்களிடம் வருவதற்கு முந்தின வருஷம் இத்தாலி போயிருந்தார். ஃபிளாரன்ஸ் நகரத்துக்கும் ஒரே நாள்தானாம். அங்கேயும் என்னைப் போல ஒருவன் குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஓட, இவர்கள் பின்னாலேயே ஓடியிருக்கிறார்கள். பெரிய கோயிலுக்கு இருபது நிமிஷம், பாலத்துக்குப் பத்து நிமிஷம். ஒரு சந்தில் பழைய வீட்டைக் காட்டி, அந்த ஊர்ப் பெருங்கவிஞர் பிறந்தது இங்கேதான் என்று சொல்லியிருக்கிறான். டீச்சர் சுவரைத் தொட்டு அழுதுவிட்டாராம். ஊருக்குத் திரும்பிப் படித்துப் பார்த்தால், அது பின்னாளில் கட்டிய வீடாம்.

“கோபம் வரலையா டீச்சர்?” என்று கேட்டேன். என் தொழிலுக்கு வேண்டிய கேள்வி அது. காரில் ஏறிக்கொண்டே அவர் சொன்னதை நான் அப்படியே மனதில் வைத்துக்கொண்டேன். வைத்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது. “வீடு பொய்யா இருந்தா என்னங்க, நான் அழுதது நெசந்தானே?”

பசுந்தாங் வீடு

மதுரை சரோஜா அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். ரங்கூனில் பிறந்து, ஆறு வயதில் அப்பா அம்மாவோடு கப்பலேறியவர். சிங்கப்பூரில் மகன் வீட்டுக்குப் போகிற வழியில் ஒரே ஒரு நாள் இங்கே இறங்கினார். பகோடாவைச் சுற்றும்போதும் அவர் கை பையை விடவில்லை. பையில் இரண்டு பொருள்கள். ஒன்று, பசுந்தாங் பேட்டையில் அவர்கள் குடியிருந்த தெருவின் பழைய பெயரை அவர் அப்பா எழுதி வைத்த காகிதம். இன்னொன்று, ஒரு சுங்குடிப் புடவை. பக்கத்து வீட்டு மா சீன் அக்காவுக்காம். தினமும் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு முகத்தில் தனக்கா மரப்பட்டையை அரைத்துப் பூசிவிட்ட பெண். “புடவை கட்ட மாட்டாங்க. வெட்டி ரெண்டு லுங்கியாத் தைச்சுக்கிடட்டும்” என்றார்.

பசுந்தாங் போய்ச் சேரும்போது மணி இரண்டு. தெருப் பெயர்கள் எப்போதோ மாறிவிட்டன. காகிதத்தில் இருந்த பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. கார் ஓட்டிய காசிம் காக்கா ரங்கூன் பபேடான் பேட்டைக்காரர், பூர்வீகம் கீழக்கரைப் பக்கம். அண்ணனைக் காக்கா என்பது அவர்கள் வழக்கம்; எனக்கும் ஒட்டிக்கொண்டது. “தம்பி, அந்த டீக்கடையில பழைய ஆளுக உக்காந்திருக்காங்க. விசாரிச்சாச் சொல்லிருவாங்க. ஒரு மணி நேரம் ஆகும், அவ்வளவுதான்” என்றார். அந்த ஒரு மணி நேரத்தில்தான் ஸ்காட் மார்க்கெட்டைக் காட்ட வேண்டியிருந்தது. பட்டியலில் ஒன்று விட்டுப்போனாலும் ஊ டின் கேட்பார். நான் ஒரு பழைய வீட்டுக்கு முன்னால் காரை நிறுத்தச் சொல்லி, “இதுதாம்மா” என்றேன்.

“படி வலது கைப் பக்கம்ல இருக்கும்?”

“மாத்திக் கட்டிட்டாங்கம்மா.”

“மாடி ஜன்னல்ல பச்சைக் கண்ணாடி இருக்குமே?”

“புயல்ல உடைஞ்சிருக்கும்.”

“மா சீன் அக்கா?”

“அவங்க காலமாகி ரொம்ப வருஷம் ஆச்சும்மா.”

அந்த மூன்றாவது பொய் நாக்கிலிருந்து இவ்வளவு சுலபமாக வந்தது எப்படி என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அவர் சுவரில் கையை வைத்துக்கொண்டு அழுதார். உரிந்து நின்ற சுண்ணாம்பை நகத்தால் சுரண்டிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். புடவையை என்னிடம் நீட்டி, “உங்க வீட்ல கட்டிக்கிடட்டும்” என்றார். நான் வாங்கிக்கொண்டேன். மார்க்கெட்டில் அவர் எதுவுமே வாங்கவில்லை. விமான நிலையத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “அக்கா போயிட்டாலும் வீட்டையாவது பாத்துட்டேன். நீங்க நல்லா இருக்கணும் தம்பி.”

இரண்டு தெரு தள்ளி

நாலு மாதம் கழித்து ஒருநாள் காசிம் காக்கா, எங்கே என்று சொல்லாமல் என்னைக் காரில் ஏற்றிப் பசுந்தாங்குக்குக் கூட்டிப் போனார். அந்த டீக்கடையில் அவரே போய் விசாரித்திருக்கிறார். நான் காட்டிய வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு. வலது கைப் பக்கம் படி. மாடி ஜன்னலில் பச்சைக் கண்ணாடி ஒன்று மிச்சமிருந்தது.

பக்கத்து வீட்டு வாசலில் ஒரு அம்மா உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். அன்றைய மா சீன், இப்போது டோ சீன்; வயதானால் பெயருக்கு முன்னால் ‘மா’ போய் ‘டோ’ வந்துவிடும். எழுபத்தைந்து வயதுக்குக் கண்ணும் காதும் நன்றாகவே இருந்தன. முன்பு இங்கே ஒரு தமிழ்க் குடும்பம் இருந்ததா என்று கேட்டேன். “சரோவா?” என்று உடனே கேட்டுவிட்டார். பூசிய தனக்காவை நக்கித் தின்பாளாம். அவள் வந்து போய்விட்டாள், நான்தான் உங்களைச் சாகடித்து அனுப்பினேன் என்று எந்த வாயால் சொல்வது? அந்தப் புடவையை என் மனைவி அதற்குள் இரண்டு முறை கோயிலுக்குக் கட்டிவிட்டாள்.  டோ சீன் பர்மியில் சொன்னது இது: “மகன் புது ஃபிளாட்டுக்கு வா வான்னு கூப்பிடறான். நானும் போயிட்டா, அந்தப் பொண்ணு வந்து யாரை விசாரிப்பா?”

ஒரு போன்

சரோஜா அம்மாவின் மகன் நம்பர் என்னிடம் இருந்தது. இன்று பேசலாம், நாளை பேசலாம் என்று தள்ளினேன். மழை முடியட்டும் என்றேன். பிறகு கொரோனா வந்து விமானங்கள் நின்றன, என் வேலையும் போனது. அந்த வருஷமே டோ சீனும் காலமாகிவிட்டார். “இனிமேலாவது சொல்லிரு தம்பி” என்று காசிம் காக்கா சொன்ன பிறகுதான் போனை எடுத்தேன்.

மகன் போனை அம்மாவிடம் கொடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். வீடு, படி, பச்சைக் கண்ணாடி, பூண்டு, சரோவா என்று கேட்டது, புடவை. அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் தேவலை.  அவர் கேட்டது இதுதான்: “அந்தச் சுண்ணாம்பைச் சாமி படத்துக்குப் பக்கத்துல வச்சு தெனமும் பூப் போடுறேன் தம்பி, இப்ப அதை நான் என்ன செய்ய?”

இருபது வருஷத் தொழிலில் ஒரு தடவைகூட வராத ‘தெரியலம்மா’ அன்றைக்குத்தான் என் வாயிலிருந்து வந்தது. அதைப் பசுந்தாங்கில் வைத்தே சொல்லியிருக்கலாம்.