சும்மா ஒரு ஓட்டம்

யசோதாவின் புருஷன் தங்கச் சுரங்கத்தில் பாறை உடைப்பவன். பூமி அதிரும்போதெல்லாம் சுரங்க வாயான ஷாஃப்டுக்கு ஓடுவதுதான் பதினொரு வருஷமாய் அவள் குடித்தனம்.

1972-இல் சுரங்க விபத்துகளைப் பற்றி டாக்குமெண்டரி எடுக்க வந்த பெங்களூர்க் கல்லூரி மாணவன், "இந்த மாதிரி படம்னா பயந்து ஓடுற பொம்பள ஒருத்தி வேணும்க்கா. ஷாஃப்டு வரைக்கும் சும்மா ஓடுங்க" என்றான்.

"இன்னாப்பா இது, அபசகுனமா!" என்று முனகியவள், கேமரா ஓடத் தொடங்கியதும் ஓடினாள்.

தொழிலாளர் லைன் வீடுகளில் யாரும் காரணம் கேட்கவில்லை. ஒருத்தி ஷாஃப்டுக்கு ஓடினால் எல்லோரும் ஓடுவார்கள். மாவுக் கையோடு சரோஜம்மா, இடுப்பில் பிள்ளையோடு பழனியம்மா, பின்னால் தெருவே அலறிக்கொண்டு வந்தது.

யசோதா திரும்பிப் பார்த்தாள். ஐயோ, நிஜமாகவே ஏதோ ஆகிவிட்டது!

"கட்! கட்!" என்று மாணவன் கத்தினான். அவள் நிற்கவில்லை. ஒருநாளும் வாயில் எடுக்காத புருஷன் பெயரைச் சொல்லிக் கதறிக்கொண்டே ஓடினாள்.